நூற்று இருபத்தெட்டாம் கொக்கி

என் வீட்டுக்காரரைப் பற்றி வேறு யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்த உரிமையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. குறை சொல்வதென்றால் நான் சொல்வேன். எனக்கு அடுத்தபடியாக அவரைப் பெற்ற என் மாமியார் சொல்லலாம். மற்றவர்கள் அவரவர் வீட்டு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மனிதர் நல்லவர். ஆனால் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், இழுத்துப் பார்த்ததை நான் பார்த்தேனா என்று என்னையும் கேட்பார். டீ ஊற்றிக் கொடுத்தால் இரண்டு டம்ளரையும் ஜன்னல் ஓரம் வைத்து, குனிந்து, மட்டம் சரியாக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். அதற்குள் டீ ஆறிப்போகும். ஒருமுறை செருப்பு வாங்கப் போனோம். இடதும் வலதும் ஒரே அளவா என்று அடிப்பாகத்தோடு அடிப்பாகத்தை ஒட்டி, திருப்பி, தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர் பார்த்த பார்வையில் கடைக்காரர் முதலில் நாற்காலி போட்டார், பிறகு தண்ணீர் கொடுத்தார், கடைசியில் பயந்துபோய், "சார், நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?" என்று கேட்டார். நான் செருப்பு வாங்காமலேயே வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அலுவலகத்தில் அவருக்கு 'சரிபார்ப்பு' என்றே பெயர். போன் செய்தால், "சரிபார்ப்பு சாப்பிடப் போயிருக்காருங்க" என்றுதான் பதில் வரும். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற வேலை. பல வருஷம் இணையப் பக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு நாள் அவர்கள் டீம் லீடர், இனிமேல் எல்லாரும் கோட்லினில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். கோட்லின் ஒரு நிரல்மொழி. அதில் ஒரு தடவை எழுதினால் போதுமாம், அதே எழுத்து ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும், இணைய உலாவியிலும் ஓடும். அதில் இவர் பங்கு ஒரு லைப்ரரி. லைப்ரரி என்றால் புத்தகம் இரவல் தருகிற இடம் இல்லை. மற்ற நிரல்காரர்கள் எடுத்துத் தங்கள் செயலிக்குள் போட்டுக்கொள்கிற மாதிரி முன்கூட்டியே எழுதி வைத்த நிரல். சாப்பிட உட்கார்ந்தபோது இதையெல்லாம் சொன்னார்.

"அதுல உங்க வேலை என்னங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு விஷயம் ஒண்ணுதானா, இல்லையான்னு சொல்றது. எந்த மெஷின்ல கேட்டாலும் ஒரே பதில் வரணும். அதான் இதுல கஷ்டம்."

"அஞ்சும் அஞ்சும் ஒண்ணுதான்னு சொல்றதுக்கா சம்பளம்?"

"உனக்குச் சொன்னா புரியாதும்மா."

அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏண்டா, ரெண்டும் ஒண்ணா ஒண்ணான்னு பொறந்ததுலேருந்து நீ சும்மாவே பாத்துட்டுத்தானே இருந்தே. இப்ப அதுக்குச் சம்பளமும் தர்றாங்களா? விட்டுடாதே, கெட்டியாப் பிடிச்சுக்கோ."

நான் வேலை செய்வது ஒரு சலவைக்கடையில். கவுண்டரில் இருப்பது நான்தான். பின்னால் இஸ்திரிக்காரர், மாடியில் முதலாளியம்மா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறேன். துணியை வாங்குவது, சீட்டு கொடுப்பது, வெளுத்துத் தேய்த்து வந்ததை ஹேங்கரில் மாட்டி எண் போட்ட கொக்கியில் தொங்கவிடுவது, ஆள் வந்தால் எடுத்துக் கொடுப்பது, இதுதான் வேலை. சொல்வதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் தெருவில் நடந்தால் பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்கள் போட்டிருப்பது என் கையால் கொடுத்த சட்டை என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அந்தக் கவுண்டர் என்னுடையது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையால் எழுதின சீட்டு மழையில் நனைந்து எண் அழிந்துபோகிறது என்று முதலாளியம்மா ஒரு நாள் புலம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இதுக்கெல்லாம் ஆப் செஞ்சு தர்றாங்கம்மா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு மாசத்தில் கவுண்டரில் டேப்லெட் வந்து உட்கார்ந்தது.

அது வேலை செய்கிற விதம் ஒன்றும் பிரமாதமில்லை. வாடிக்கையாளரின் சீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு நான் எடுத்து வந்த கொக்கியை ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று உள்ளே இருக்கிற என் வீட்டுக்காரரின் லைப்ரரி பார்த்துச் சொல்லும். ஒன்று என்றால் பச்சை, கொடுத்துவிடலாம். இல்லை என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் திரை பூட்டிக்கொள்ளும், மாடியில் மணி அடிக்கும், முதலாளியம்மா இறங்கி வந்து தன் விரலை வைத்தால்தான் திறக்கும். அதோடு, 'தவறான துணி எடுக்கப்பட்டது' என்று என் பெயரில் பதிவாகும். இந்தப் பூட்டு யோசனை முதலாளியம்மாவுடையது. முழங்கால் வலிக்காரர் தன் தலையில் தானே இதை ஏற்றிக்கொண்டது எதனால் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. சிவப்பு என்ன நிறம் என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. அப்போது கொக்கிகள் நூறுதான். வியாபாரம் கூடியதும் முதலாளியம்மா பின்னால் புதிதாக ஒரு கம்பி போட்டு, நூற்றி ஒன்றிலிருந்து இருநூறு வரை மாட்டினார். மழைக்காலம் வந்தது. எந்த வீட்டிலும் துணி காயவில்லை, ஊரே எங்கள் கடைக்கு வந்தது. பின்கம்பி நிறைந்தது. சிவப்பும் வந்தது.

முதல் சிவப்புக்கு நானே என்னைத் திட்டிக்கொண்டேன். இரண்டாவதுக்குக் கொக்கி எண்ணை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவதுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சீட்டிலும் அதே எண், கொக்கியிலும் அதே எண், திரையில் சிவப்பு. மாடியில் மணி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு "அப்பாடி" சொல்லி முதலாளியம்மா இறங்குவார்.

"பாருங்கம்மா, ரெண்டும் ஒரே நம்பர்தான்" என்று காட்டினேன்.

"நான் இறங்கி வர்றதுக்குள்ள சரியான துணியை எடுத்துக் கையில வெச்சுக்கற. இது எனக்குத் தெரியாதாக்கும்?"

"இல்லம்மா, சத்தியமா! அண்ணன்கிட்ட கேளுங்க." இஸ்திரிக்காரரைப் பார்த்தேன்.

"நான் இஸ்திரிப் பெட்டியைத்தான் தங்கச்சி பாத்துட்டு இருந்தேன். துணி கருகினா என்னையில்ல கேப்பாங்க?" என்றார் அவர். சமயத்துக்கு உதவுகிற மனுஷன்!

ஒரு மத்தியானம் முதலாளியம்மா கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் கண்காணித்தார். அன்றைக்கென்று மழை விட்டிருந்தது. நாலைந்து பேர்தான் வந்தார்கள், எல்லாம் முன்கம்பித் துணி, எல்லாம் பச்சை. "நான் இருந்தா ஒழுங்கா பண்ற" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாசப் பாதியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உன் மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா என் முழங்கால் இருக்கே, அது இனிமே தாங்காது. மாசக் கடைசிக்குள்ள இந்தச் சிவப்பு நிக்கலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். மனசுல வெச்சுக்காதே."

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான். எத்தனை வருஷ வேலை! ஒரு சட்டைப் பொத்தான்கூட மாற்றிக் கொடுத்ததில்லை நான். நேராகப் போய் அவரிடம் சொன்னேன்.

"உங்க ஆப் தப்பு சொல்லுதுங்க."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, பாவம் தெரியாமல் பேசுகிறாள் என்கிற மாதிரி சிரித்தார். "அது தப்பு சொல்லாதும்மா. ஒண்ணுலேருந்து பத்தாயிரம் வரைக்கும் ஒவ்வொரு நம்பரா உலாவியில ஓட்டிப் பாத்திருக்கேன். எல்லாம் பச்சை."

"பின்கம்பித் துணிக்குத்தான் சிவப்பு வருது."

"பின்கம்பியில எல்லாத்துக்குமா?"

யோசித்தேன். நூற்றிப் பத்துக்குப் பச்சை வந்ததாக ஞாபகம். நான் பொய் சொல்கிறவள் இல்லை, அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"பாத்தியா! ஆப் தப்புன்னா எல்லாத்துக்கும் தப்பா இருக்கணும். அங்க வெளிச்சம் பத்தலை, அதான்." மறுநாளே ஒரு பெரிய பல்பு வாங்கிக்கொண்டு வந்து பின்கம்பிக்கு மேலே தானே ஏறி மாட்டினார். பல்பு வெளிச்சத்தில் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பல்புக்குப் பிறகு என் கண்தான் பாக்கி. "ஒரு தடவை செக் பண்ணிடலாம்மா" என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா ஒரு கண்ணை மூடச் சொன்னார், எழுத்துகளைப் படித்தேன். இன்னொரு கண்ணை மூடச் சொன்னார், படித்தேன். கடைசி வரிக்குக் கீழே அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, கோபத்தில் அதையும் படித்தேன்.

"கழுகுக் கண்ணு உங்களுக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"இவர் கூட்டிட்டு வந்தார்."

இவர் விடவில்லை. "டாக்டர், எண்கள் மட்டும் மாறித் தெரியிற மாதிரி ஏதாவது வியாதி இருக்குங்களா? நூத்துக்கு மேல போனா?"

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க, உங்க கண்ணைப் பாக்கலாம்." பார்த்தார்கள். இவருக்குத்தான் பவர் இருந்தது. வெளியே வரும்போது புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தது இவர், நான் இல்லை. ஆனாலும் வெறும் கண்ணாடியாவது போட்டுக்கொள், முதலாளியம்மாவுக்கு ஒரு நம்பிக்கை வரும் என்று எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நானும் போட்டுக்கொண்டேன்.

அத்தை என்னைக் கண்ணாடியோடு பார்த்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார். "டேய், அவளுக்குக் கண்ணு தெரியலையா? சோத்துல கல்லு இருந்தா சமைக்கும்போதே கண்டுபிடிக்கறவ அவ. உன் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அந்த டாக்டர்கிட்ட காட்டுடா!"

"அம்மா, கம்ப்யூட்டருக்கும் டாக்டருக்கும்…"

"பேசாதே."

மாசக் கடைசி நெருங்கியது. வெறும் கண்ணாடியும் சிவப்பை நிறுத்தவில்லை. முதலாளியம்மா கடை வாசலில் 'கவுண்டருக்கு ஆள் தேவை' என்று எழுதின பலகையை மாட்டவில்லை, ஆனால் எழுதி மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார். அதைத் தாண்டித்தான் நான் தினமும் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டேன். என் நிலையைப் பார்த்து அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "நாளைக்கு லீவு போட்டுட்டுக் கடைக்கு வர்றேன். நீ எங்க தப்பு பண்றேன்னு பக்கத்துல இருந்து பாத்துடறேன்" என்றார். நான் எங்கே தப்பு பண்ணுகிறேனாம்! தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் கொட்டுகிற மழை. கடை வாசல் வரை வரிசை. இவர் லேப்டாப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து, கவுண்டருக்குப் பின்னால் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஆள் பச்சை. இரண்டாவது ஆள் பச்சை. இவர் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து நின்றவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், கோட்டு வாங்க வந்திருந்தார். சீட்டு நூற்றி நாற்பத்து மூன்று. நான் போய்க் கொக்கியோடு கோட்டை எடுத்து வந்தேன். ஸ்கேனரை இவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே பண்ணுங்க."

சீட்டை ஸ்கேன் செய்தார். கொக்கியை ஸ்கேன் செய்தார். சிவப்பு. மாடியில் மணி.

"வேற கொக்கியை எடுத்துட்டு வந்துட்ட" என்றார். நான் கொக்கியை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி கொக்கியைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புதுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தி மூணு."

"ம்."

"இதுவும் நூத்தி நாப்பத்தி மூணு."

"ம். சொல்லுங்க."

முதலாளியம்மா இறங்கி வந்து விரலை வைத்தார். ஸ்கேனரோடு நிற்கும் இவரைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, உனக்கும் கண்ணு தெரியலையா?" என்று கேட்டார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் அத்தனை சிவப்பையும் மன்னித்திருப்பேன்.

இவர் எழுந்து பின்கம்பிக்குப் போனார். ஒரே கொக்கியைச் சீட்டுக்குப் பதிலாக ஒரு தடவையும் கொக்கியாக ஒரு தடவையும் ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார். நூற்றி ஒன்று, பச்சை. நூற்றிப் பத்து, பச்சை. நூற்றி இருபது, பச்சை. இருபத்தாறு, இருபத்தேழு, பச்சை. நூற்றி இருபத்தெட்டு, சிவப்பு. மணி. அப்போதுதான் மாடியின் கடைசிப் படியில் கால் வைத்திருந்த முதலாளியம்மா திரும்பினார். வந்து விரலை வைத்தார், ஏறினார். இருபத்தொன்பது, சிவப்பு. மணி. பாதிப் படியிலிருந்து இறங்கி வந்து விரலை வைத்தார். இந்தத் தடவை ஏறவில்லை. "இனிமே நான் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்" என்று கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இவர் தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டார். "நூத்தி இருபத்தெட்டு, நூத்தி இருபத்தெட்டு இல்லையாம்."

வாத்தியார் கோட்டைக் கையில் வாங்கியும் போகவில்லை. "இத்தனை வருஷமா கணக்கு சொல்லிக்கொடுக்கறேன், எனக்கு யாருமே இதைச் சொல்லலையே" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

இவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பை எடுத்து இஸ்திரி மேசையில் வைத்துத் திறந்தார். இஸ்திரிக்காரர் பெட்டியை நகர்த்திக்கொண்டு, இந்தத் தடவையாவது வேடிக்கை பார்க்கலாம் என்று பக்கத்தில் வந்து நின்றார். திரையில் ஏதோ ஒரு வரி. அதில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று சமக்குறி. இவர் அதைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"பழக்கம்மா. கைப்பழக்கம்."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார், இந்தத் தடவை புரியாது என்று சொல்லவில்லை. இணையப் பக்கம் எழுதின மொழியில் இரண்டு சமக்குறி போட்டால் அது கொஞ்சம் அசட்டையாகப் பார்க்குமாம். மூன்று போட்டால் கறாராகப் பார்க்குமாம். அதனால் அவர் கை எப்போதும் மூன்றுதான் போடும். ஆனால் கோட்லினில் கதை வேறு. இரண்டு போட்டால், 'இரண்டின் மதிப்பும் ஒன்றா?' என்று கேட்பதாக அர்த்தம். மூன்று போட்டால், 'இது அதே பொருள்தானா?' என்று கேட்பதாக அர்த்தம். உலாவியில் எண்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, பத்தாயிரம் வரை பச்சைதான். ஆனால் எங்கள் ஆண்ட்ராய்டு டேப்லெட் சின்ன எண்களை முன்கூட்டியே ஒன்றொன்றாகச் செய்து வைத்திருக்கும், யார் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டும். அது நூற்றி இருபத்தேழு வரைக்கும்தான். அதற்கு மேலே போனால் கேட்கிற ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று செய்து கொடுக்கும். அதனால் எண் ஒன்றாக இருந்தாலும், 'இது அது இல்லை' என்று சொல்லிவிடும்.

"டேப்லெட்ல நீங்க ஓட்டிப் பாக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்." குரல் உள்ளே போயிருந்தது. "அஞ்சும் அஞ்சும் ஒண்ணான்னு பாத்தேன். பச்சை வந்துது. உலாவியில பத்தாயிரம் பாத்தாச்சே, போதும்னு விட்டுட்டேன்."

பூட்டை ஊரெல்லாம் இழுத்துப் பார்க்கிற மனுஷன்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உடனே டீம் லீடருக்குப் போன் செய்தார். தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவில் போய் நின்று தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் அந்தப் பக்கத்துக் குரல் சத்தமாக இருந்தது, கவுண்டர் வரை கேட்டது. "யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. குறியை மாத்தி சத்தமில்லாம அப்டேட் அனுப்பிடலாம். அப்புறம் சிவப்பே வராது, யாருக்கு என்ன தெரியப்போகுது? இந்தக் கடையைக் காட்டித்தான் இன்னும் நாலு கடையில பேசிட்டு இருக்கேன். கெடுத்துடாதீங்க."

அதே நேரத்தில் கீழ்ப்படியிலிருந்து முதலாளியம்மா கேட்டார். "என்ன தம்பி, கண்டுபிடிச்சியா? அவ எங்க தப்பு பண்றா?"

இவர் வாயை மூடிக்கொண்டால் போதும். அப்டேட் வந்ததும் சிவப்பு நின்றுவிடும், வேலையும் போகாது. ஆனால் கண்ணாடி போட்டதும் அவள் திருந்திவிட்டாள் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள். செய்யாத தப்பைத் திருத்திக்கொண்டவளாக அந்தக் கவுண்டரில் நான் நிற்க வேண்டும். அதற்கு வேலை போனாலே தேவலை. இவர் என்னைப் பார்த்தார். முதலாளியம்மாவைப் பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். யோசிக்கிறாராம்! அவர் வாயைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் நான் மனசுக்குள் பெட்டி கட்டி, அத்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குக் கிளம்பியே விட்டேன்.

"அம்மா," என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "அவ ஒரு தப்பும் பண்ணலைம்மா. ஒவ்வொரு தடவையும் சரியான துணியைத்தான் எடுத்திருக்கா. நான் எழுதினதுதான் தப்பு. அவ சொன்னா, நான் கேக்கலை."

போனில் டீம் லீடர், "ஹலோ? ஹலோ? யார்கிட்ட பேசறீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மா இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தன் முழங்காலைத் தடவினார்.

"அப்ப இதுக்கு யார் பதில் சொல்றது?"

"நான்தாம்மா."

"எப்ப சரி பண்ணுவ?"

"குறியை மாத்த ஒரு நிமிஷம் போதும். ஆனா இந்தத் தடவை டேப்லெட், ஐபோன், உலாவி எல்லாத்துலயும் எல்லா எண்ணையும் ஓட்டிப் பாக்காம தரமாட்டேன். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் மழை நிக்குமா? நிக்காது. துணி வராம இருக்குமா? இருக்காது." முதலாளியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அதுவரைக்கும் நீதான் மெஷின். ராத்திரி என்ன வேணா எழுதிக்கோ, பகல்ல இங்க நில்லு. நூத்தி இருபத்தேழுக்கு மேல எது வந்தாலும் உன் கண்ணால பாத்து வாயால சொல்லு. அவ பேர்ல இருக்கிற சிவப்பையெல்லாம் உன் பேருக்கு மாத்திடு." போகிற போக்கில் மாடிப்படிக்குக் கீழே இருந்த பலகையைத் திருப்பி வைத்துவிட்டு ஏறினார். என்னைப் பார்த்து, "மனசுல வெச்சுக்காதேம்மா" என்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான்.

அப்படியாக, பல வருஷ அனுபவம் உள்ள என் வீட்டுக்காரர் பின்கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தார். "நூத்தி முப்பத்தொண்ணு, ஒண்ணுதான்! நூத்தி அறுபது, ஒண்ணுதான்!" வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் கூடவே சேர்ந்து கத்தின. இஸ்திரிக்காரர் இப்போது இஸ்திரிப் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரையே பார்த்து ஒரு காலரைக் கருக்கினார். டீம் லீடர் திரும்பக் கூப்பிட்டபோது, "சார், நான் இப்ப ஓடிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பேசிக்கொண்டிருந்த நாலு கடையில் இரண்டு கைவிட்டுப் போனது. அலுவலகத்தில் கொஞ்ச நாள் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. இவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மட்டம் பார்க்காமல் குடித்தார். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்பதற்கு நிறைய அடுக்கி வைத்திருந்தேன், பல்பு, கண் டாக்டர், அந்தச் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்து ஒரு வாரச் சண்டைக்கு வேண்டியது கைவசம் இருந்தது. ஆனால் வாயில் வந்தது ஒன்றுதான்.

"டேப்லெட்டை ஏன் சோதிச்சுப் பாக்கலைன்னு கேக்கலைங்க. அது உங்க வேலை, உங்க பாடு. என்னைத் தெரியுமில்ல உங்களுக்கு? நான் சொன்னப்ப ஏன் நம்பலை?"

அவர் ஹேங்கரில் தொங்கின ஒரு பாவாடையின் மடிப்பைச் சரிசெய்தார். மறுபடி கலைத்தார்.

"நீ தப்பு பண்ணியிருந்தா, நான் பண்ணலைன்னு ஆகும்ல," என்றார். "அதான்."

ஓங்கி ஒன்று போடலாம் போலவும் இருந்தது, அழுகையும் வந்தது. இதைவிட நல்லதாக எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கலாம். வெளிச்சம், கண், வேலைப்பளு என்று எதையாவது இழுத்திருக்கலாம். கட்டிக்கொண்டதிலிருந்து இந்த மனுஷன் என்னிடம் சொன்னதிலேயே அசிங்கமான வார்த்தை அதுதான், உண்மையான வார்த்தையும் அதுதான். வெறும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னங்க?"

"அன்னிக்கு எனக்கே தெரியாது."

கவுண்டரில் யாரோ மேசையைத் தட்டினார்கள். போனேன். நனைந்த குடையோடு ஒரு அம்மாள், சீட்டு நூற்றி எழுபத்தாறு. பின்கம்பிக்கு வந்து சேலையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். கொக்கியைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை.